வேதபோதகர் உற்ற இடர்களும் நமது சங்கத்தின் கடமையும்

(மரக்காணத்தில் கூடிய நமது சங்க மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உபந்நியாசம்)



 "கிறிஸ்து மதத்தைப் பரப்ப வந்த போதகர்கள் இந்நாட்டில் அடைந்த இடர்கள்" என்பது எமக்குக் குறிக்கப்பட்ட விஷயம். இவ்விஷயத்தை இப்பொழுது எடுத்ததற்குக் காரணம் யாதென்று நீங்கள் அறிவீர்கள். சென்ற கூட்டத்திலே, ஞானஸ்நானம் பெற்ற குடும்பங்களை நமது அங்கத்தினர் ஜாபிதாவினின்றும் நீக்கவேண்டுமென்றும், பிள்ளைகளின் படிப்புக்கென நாம் சேர்த்துவரும் நிதியினின்றும் அக்குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஒன்றும் அளிக்கலாகாதென்றும் ஒரு பிரேரணை கொண்டுவரப்பட்டது. அஃது அடுத்த கூட்டத்திலே முடிவு செய்யப்படவிருக்கின்றது. வாக்களிக்குமுன் இப்பொருளின் சரித்திரத்தைச் சற்றே ஆராய்தல் நலம் என்பது எமது கருத்து.

யாம் திருநீறு அணிபவர். எமது சிற்றப்பனார் கிளையிலே மாதாகோயிலுக்குச் செல்வோர் உளர். அவர் வீட்டுச் சாவுக்கு யாம் பாடையெடுத்தோம். எம் வீட்டுக் கலியாணத்துக்கு அவர்கள் பந்தலிட்டார்கள். இதனை முன்னரே சொல்லிவிடுதல் நேர்மையாதலின் சொன்னோம். இனி விஷயத்துட் புகுவோம்.

இக்கடற்கரை புதியவரைக் கண்டு திகைக்கும் கரையன்று. யவனர் எழுதிவைத்த கடற்பயணக் குறிப்பொன்றிலே காணும் சோபட்மா என்னும் துறைமுகம் இம்மரக்காணமே என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். சங்கநூல் கூறும் எயிற்பட்டினமும் இதுவேயென்பர். வடக்கே ஆலம்பரைக் கோட்டை இடிந்து கிடக்கின்றது. அது நவாபு கையினின்று பிரெஞ்சுக்காரர் கைக்கும், 1760-இல் ஆங்கிலேயர் கைக்கும் மாறியது. தெற்கே புதுச்சேரி. இவ்வழியாகச் சரக்கு வந்தது, படை வந்தது, மதமும் வந்தது. வந்தவற்றுள் எதனை ஏற்பது, எதனைத் தள்ளுவது என்பது நம் முன்னோர் ஒவ்வொரு தலைமுறையும் ஆராய்ந்த கேள்வியாகும்.

முதற்கண், 1549-ஆம் வருஷத்திலே இராமேசுவரத்துக்கு அணித்தாகிய வேதாளை என்னும் ஊரில் நிகழ்ந்ததைக் கூறுவோம். அக்காலத்தே முத்துக்குளித்துறைப் பரதவர் ஏறக்குறைய 1535-ஆம் வருஷந் தொடங்கி ஞானஸ்நானம் பெற்றுவந்தனர். அவர்களுக்குப் போதகராயிருந்தவர் அந்தோணி கிரிமினாலி என்னும் இத்தாலிய தேசத்து இயேசு சபைக் குரு. வயது முப்பதுக்கும் குறைவு. வேதாளையிலிருந்த போர்த்துக்கீசியத் தலைவன் அங்கே அகழி வெட்டி, இராமேசுவரத்துக்குத் தீர்த்தமாடச் செல்லும் யாத்திரிகரிடம் வரி வாங்கலானான். இதனாற் சினங்கொண்ட வடுகப் படை திரண்டு வந்தது. வரி வாங்கிய தலைவனும் அவனுடைய வீரரும் தோணியேறித் தப்பினர். கிரிமினாலியார் பெண்களையும் குழந்தைகளையும் தோணியிலேற்றுவதற்காகக் கரையிலே தங்கிவிட்டார். ஈட்டியாற் குத்துண்டு மாண்டார். இயேசு சபையாருள் முதன்முதல் உயிர் கொடுத்தவர் அவரே.

சகோதரர்காள்! இங்கே ஒன்று கவனிக்கத்தக்கது. யாத்திரிகரை வருத்தியவன் ஒருவன். அதன் பயனை அனுபவித்தவர் மற்றொருவர். வடுகர் சினந்தது அநியாயமென்று நாம் சொல்லமாட்டோம். சேதுஸ்நானஞ் செய்யும் ஏழை யாத்திரிகனிடம் வரி பறித்தலினும் கொடுமை யாது? ஆயினும் அவர் ஈட்டி சென்று தைத்த மார்பு குற்றமற்றவன் மார்பு. ஒருவன் செய்த பிழைக்கு அவன் மதத்தான் மற்றொருவனைத் தண்டித்தல் எவ்வளவு தவறென்பதற்கு இதுவே நம் நாட்டுச் சான்று.

இரண்டாவது, அருளானந்தர் எனப்படும் ஜான் தெ பிரிட்டோ என்பவர். 1647-இல் லிஸ்பன் நகரத்திலே உயர்குடியிற் பிறந்து, அரச குமாரனோடு அரண்மனையில் வளர்ந்தவர். 1673-இல் கோவா வந்து, பின் மதுரை மிஷனிற் சேர்ந்து, காவியுடுத்துப் பண்டாரசுவாமியாய்ப் புலாலுண்ணாது வாழ்ந்தார். அவர் முதன்முதல் உழைத்தது நமக்கு அயலாகிய செஞ்சி நாட்டுப் பக்கமே. 1677-இல் சிவாஜி மன்னர் செஞ்சிக் கோட்டையைக் கைப்பற்றியபொழுது இப்பிரதேசம் முழுவதும் போராற் கலங்கியிருந்தது. அக்கலக்கத்தினூடே ஊர் ஊராக நடந்தவர் அவர்.

1686-இல் அவர் மறவர் நாட்டுக்குச் சென்றபொழுது, தம்முடனிருந்தவர்களோடு பிடிக்கப்பட்டார். நீரிலமிழ்த்தியும், வெயிலிற் காய்ந்த கரடுமுரடான பாறைமேற் கிடத்தி மிதித்தும் வருத்தினர். பின்னர் இராமநாதபுரத்துக்குக் கொணரப்பட்டு இரகுநாத கிழவன் சேதுபதியின் முன் நிறுத்தப்பட்டார். சேதுபதி மன்னர் அவரை விசாரித்துக் கேட்டு, இனி இந்நாட்டில் பிரசங்கியாதிருக்குமாறு கட்டளையிட்டு விடுதலை செய்தார். இச்செய்தியைப் பலர் சொல்லாது விட்டுவிடுகின்றனர். மன்னர் முதற்கண் பொறுமையாளராகவே நடந்தார் என்பது சரித்திரம்.

பின்னர் அருளானந்தர் ஐரோப்பாவுக்குச் சென்று, அங்கேயே தங்கும்படி அரசரும் மற்றோரும் வேண்டியும் இசையாது 1690-இல் மீண்டார். மறவர் நாட்டுக்கே திரும்பினார். அரச உரிமை கொண்டாடக்கூடிய தடியத் தேவர் என்னும் குறுநிலத் தலைவர் நோயுற்றுக் குணமடைந்து, 1693 ஜனவரி 6-ஆம் தேதி அவர்பால் ஞானஸ்நானம் பெற்றார். அதன்பொருட்டு மூத்த மனைவியைத் தவிர ஏனைய மனைவியரை விலக்கவேண்டியதாயிற்று. விலக்கப்பட்டவருள் ஒருவர் சேதுபதியின் உறவினராகிய கடலாயி என்னும் அம்மையார். அவர் சென்று முறையிட்டார். இரண்டு நாட்குள் அருளானந்தர் சிறைப்பட்டார். ஓரியூருக்கு அனுப்பப்பட்டு, பிப்ரவரி 4-ஆம் தேதி தலை வெட்டுண்டார். சிறையிலிருந்தபடியே தம் சகோதர குருமார்க்குக் கடிதமெழுதினார். அதிலே அச்சத்தின் நிழலுமில்லை. 1947-இல் உரோமாபுரியில் அவரைப் புனிதரென்று அறிக்கை செய்தனர். ஓரியூரின் செம்மணலை இன்றும் எல்லா மதத்தாரும் எடுத்துச் செல்கின்றனர்.

அருளானந்தருடைய தீரத்தை யாம் வணங்குகின்றோம். எனினும் இச்சரித்திரத்தைப் படிக்குந்தோறும் கடலாயி அம்மையாரையும் யாம் நினையாதிருப்பதில்லை. தாம் ஒரு குற்றமுஞ் செய்யாது, கணவன் மதம் மாறியதொன்றாலேயே வாழ்விழந்தவர் அவர். அவரைக் கொடியவரென்று எழுதுவோர் பலர். அவருக்கு நேர்ந்ததை எண்ணினார் சிலரே. தாய்மார்களே! ஒருவர் மதம் மாறும்பொழுது அவரோடு பிணைக்கப்பட்ட பெண்மக்களின் கதி யாதாகும் என்பதை அன்று போதகரும் எண்ணவில்லை, மன்னரும் எண்ணவில்லை. மன்னர் கண்டது வேறு. அக்காலத்தில் அரசகுலத்து மணம் என்பது உடன்படிக்கைக்கு ஒப்பானது. ஒரு மனைவியை விலக்கினால் ஓர் உடன்படிக்கை முறிந்தது. அரசுக்கு உரிமை கொண்டாடக்கூடியவர் புதியதொரு கூட்டத்தைச் சேர்ந்தால் சிங்காதனமே ஆட்டங் கண்டது. ஆகவே வாள் விழுந்தது தெய்வத்தின் பொருட்டன்று. பெரும்பாலும் சிங்காதனத்தின் பொருட்டே.

மூன்றாவது, தரங்கம்பாடி. 1706 ஜூலை மாதத்திலே பர்த்தலோமேயு சீகன்பால்கு என்னும் ஜெர்மானியர், புளூச்சோ என்பவருடன் அங்கே இறங்கினார். திண்ணைப் பள்ளியிலே சிறுவரோடு தாமும் அமர்ந்து, விரலால் மணலிலெழுதித் தமிழ் பயின்றார். புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கி, 1715-இல் அச்சிட்டு முடித்தார். அவரைச் சிறையிலிட்டவர் யார்? தமிழ் மன்னரல்லர், தஞ்சை நாயகருமல்லர், மராட்டியருமல்லர். அவருடைய மதத்தையே சேர்ந்த டேனிய கவர்னர்தாம் 1708-ஆம் வருஷக் கடைசியில் அவரைப் பிடித்து நான்கு மாதகாலம் கோட்டைக்குள் அடைத்துவைத்தார். வியாபாரிகளுக்குப் போதகரின் இருப்பு இடைஞ்சலாகத் தோன்றியது. அவ்வளவோ? நம் தெய்வங்களின் மரபைப்பற்றி அவர் உழைத்தெழுதிய நூலை ஜெர்மனியிலிருந்த அவருடைய மேலோர் அச்சிட மறுத்தனர். அஃது அச்சேறியது 1867-இல்தான். முப்பத்தாறாம் வயதிலே, 1719-இல் அவர் மாண்டார். இடர் எப்பொழுதும் அயலானிடமிருந்தே வருமென்று எண்ணற்க.

நான்காவது சரித்திரம் நமது சங்கத்துக்கு மிக நெருங்கியது. அவர் போதகரல்லர், போதனையை ஏற்ற நம் தமிழ்நாட்டவர். கன்னியாகுமரிப் பக்கத்து நட்டாலத்தில் 1712-இல் பிறந்த நீலகண்ட பிள்ளை. திருவிதாங்கூர் மார்த்தாண்ட வர்மா மகாராஜாவின் அரண்மனையில் உத்தியோகம் பார்த்தவர். குளச்சற் போரிற் சிறைப்பட்ட டச்சுத் தளபதி டிலனாயின் நட்பால் கிறிஸ்து மதத்தை அறிந்து, 1745-இல் வடக்கன்குளத்திலே ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் என்று பெயர் பூண்டார். 1749-இல் கைதானார். எருமைமீதேற்றி ஊர் ஊராகக் கொண்டுசென்று அவமானஞ் செய்தனர். 1752 ஜனவரி 14-ஆம் தேதி ஆரல்வாய்மொழிக்கு அணித்தாகிய காற்றாடிமலையிலே சுடப்பட்டார்.

அவர்மேற் சுமத்தப்பட்ட குற்றங்கள் பல. அவற்றின் கீழே கிடந்ததோ ஒன்று: உயர்ந்தவரென்று எண்ணப்பட்ட ஒருவர், தாழ்ந்தவரென்று எண்ணப்பட்டாரோடு ஒன்றாயமர்ந்து உண்டார், அதனை அரண்மனையும் அக்கிரகாரமும் மேற்குலத்தாரும் பொறுத்திலர். 2022 மே 15-ஆம் தேதி உரோமாபுரியில் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டபொழுது, "பிள்ளை" என்னுங் குலப்பட்டம் அவர் பெயரினின்றும் விடப்பட்டது. குலத்தின் பெயரால் நிற்கும் நமது சங்கத்திலே இதனை எடுத்துச் சொல்ல எமக்குச் சிறிது கூச்சந்தான். ஆயினும் சொல்லவேண்டியதைச் சொல்லாது விடுதல் உபந்நியாசமாகாது.

கிறிஸ்தவ சகோதரர்கள் இதைக் கேட்டுப் பெருமிதங் கொள்ளவேண்டா. அவர் ஞானஸ்நானம் பெற்ற அதே வடக்கன்குளத்திலே, 1872-இல் எழுப்பிய கோயிலில் இரு குலத்தார் தனித்தனியே நிற்கும்படி இரு பிரிவுகள் வைத்து, நடுவே சுவரும் வைத்திருந்தனர். அச்சுவர் 1910-இல்தான் இடிக்கப்பட்டது. இடித்ததற்கு எதிராக வழக்கும் தொடுத்தனர். சாதிக்காகத் துன்புற்றவர் திருமுழுக்குப் பெற்ற மண்ணிலேயே சாதிச் சுவர்! அஃதன்றி, கோவாவிலே போர்த்துக்கீசியர் 1560 முதல் 1812 வரை, நடுவிற் சில ஆண்டுகள் தவிர, இன்குவிசிஷன் என்னும் மதவிசாரணை மன்றம் நடத்தி எத்தனையோ பேரை வருத்தினர். ஆட்சி கையிலிருந்தபொழுது வருத்தியதும், ஆட்சி இல்லாதபொழுது வருந்தியதும் அம்மதத்தின் சரித்திரத்திலேயே உண்டு. எல்லா மதத்துக்கும் இஃது ஏறக்குறையப் பொருந்தும்.

இனி, வாளும் சிறையும் மட்டுமே இடரென்று கொள்ளலாகாது. நம் பக்கத்துத் திண்டிவனத்திலே நிகழ்ந்த ஒன்றைக் கேளுங்கள். ஜான் ஸ்கடர் என்னும் அமெரிக்க மிஷனெரி வைத்தியர் அங்கே இருந்தார். அவர் மகள் ஐடா ஸ்கடர் நோயுற்ற தாயாருக்கு உதவ வந்திருந்தாள். இந்நாட்டில் தங்கும் எண்ணமே அவளுக்கில்லை. ஓரிரவு, வெவ்வேறு குலத்தாரும் மதத்தாருமாகிய மூவர் ஒருவர்பின் ஒருவராக வந்து, பிரசவ வேதனைப்படுந் தம் மனைவியர்க்கு உதவுமாறு அப்பெண்ணை வேண்டினர். "எனக்கு வைத்தியந் தெரியாது, என் தந்தையார் வருவார்" என்றாள். ஆடவர் ஒருவர் தம் மனைவியைத் தீண்ட அம்மூவரும் இசைந்திலர். விடிவதற்குள் மூன்று பெண்களும் மாண்டனர். அவ்விரவே அப்பெண்ணின் வாழ்வைத் திருப்பியது. வைத்தியம் பயின்று 1900-இல் மீண்டு, வேலூரில் ஒரே படுக்கையோடு தொடங்கினார். 1918-இல் பெண்களுக்கென வைத்தியப் பள்ளி நிறுவினார். வேலூர் ஆஸ்பத்திரியை அறியாத குடும்பம் இக்கூட்டத்தில் உண்டோ? வழக்கத்தை விடாமையால் அன்று உயிரிழந்தவர் போதகரல்லர், நம் பெண்மக்களே. இதனையும் இடர்களின் கணக்கிலே சேர்த்தெழுதவேண்டும்.

இவையெல்லாம் பழங்கதையென்று சொல்வாருமுளர். 1999 ஜனவரி மாதம், ஒடிசா நாட்டு மனோகர்பூரில் குஷ்டரோகிகளுக்குத் தொண்டு செய்துவந்த கிரஹாம் ஸ்டெயின்ஸ் என்னும் ஆஸ்திரேலியரும், அவருடைய இரு சிறு மைந்தரும், வண்டிக்குள் உறங்கும்பொழுது ஒரு கும்பலால் எரிக்கப்பட்டனர். அவர் மனைவியார் பகை பாராட்டாது மன்னித்ததாக அறிவித்துப் பின்னும் அத்தொண்டிலேயே நின்றார். அக்குழந்தைகள் யாரை மதம் மாற்றினர்? மதப் பிரசாரம் தகுமா தகாதா என்பதுபற்றி நம்முள் அபிப்பிராயபேதம் இருக்கலாம். உறங்குங் குழந்தையை எரிப்பதைப்பற்றி அபிப்பிராயபேதம் இருத்தல் கூடாது.

நிற்க. இச்சரித்திரங்களினின்றும் நாம் பெறுவது யாது? வேதாளையில் ஈட்டி எழுந்தது வரியினால். ஓரியூரில் வாள் விழுந்தது சிங்காதனத்தினால். தரங்கம்பாடியில் சிறைக்கதவு அடைபட்டது வியாபாரத்தினால். காற்றாடிமலையில் துப்பாக்கி வெடித்தது மேல் கீழ் என்னும் எண்ணத்தினால். நான்கிடத்தும் வாயிற் சொன்னது மதம். நெஞ்சில் இருந்தது வேறு. ஆகவே ஒருவர் "மதத்தைக் காக்கின்றேன்" என்று எழும்பொழுது, அவர் மெய்யாகக் காப்பது யாதென்று ஆராய்தல் அறிவுடையோர் கடமை.

இவ்வாராய்ச்சியை நாம் நம்மிடமே செய்துகொள்வோம். நமது பிரேரணை மெய்யாகவே மதத்தைப்பற்றியதா? நிதியிலுள்ள பணம் சிறிது. கேட்கும் பிள்ளைகள் பலர். கேட்போர் குறைந்தால் எஞ்சியவர்க்குப் பங்கு மிகும். இக்கணக்கு நம்மவர் சிலர் மனத்திலே ஓடுகின்றதென்று யாம் ஐயுறுகின்றோம். ஐயுறவு தவறாயின் மன்னிக்க. சரியாயின், அதனை மதத்தின் பெயராற் போர்த்தவேண்டா. பணம் போதவில்லையென்றால் பணஞ் சேர்க்கும் வழியைப் பேசுவோம்.

உப்பளத்தில் நடப்பதை நீங்கள் எமக்குச் சொல்லித்தர வல்லவர்கள். ஆயினும் ஒன்று சொல்கின்றோம். கழிநீரை வெளிப்பாத்தியிலே பாய்ச்சிக் காயவைத்து, செறிந்தபின் உட்பாத்திக்கு விட்டு, வெயிலில் விளைந்ததை வாருகின்றோம். பாத்தியின் தரையை முன்னதாகக் காலால் மிதித்து மிதித்து இறுகச் செய்கின்றோம். அப்படி மிதித்த கால்களுள் கோயிலுக்குச் செல்லுங் கால் எது, மாதாகோயிலுக்குச் செல்லுங் கால் எது? வெறுங்காலில் உப்புநீர் பட்டுப் புண்ணாகும்பொழுது இருவர்க்கும் எரிச்சல் ஒன்றே. வாரிக் குவித்த உப்பிலே இவன் வாரியது அவன் வாரியது என்று பிரிக்கவல்லார் யார்?

2004 டிசம்பர் 26-ஆம் தேதி ஆழிப்பேரலை இக்கரையை மோதியபொழுது குப்பங்களில் மதம் பார்த்து மோதவில்லை. 2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் கரைகடந்தபொழுது உப்பளங்கள் யாவும் வெள்ளத்தில் மூழ்கின. அளத்தில் வேலையின்றி இரு சாராரும் ஒருங்கே வீட்டிலிருந்தோம். அந்நாளிலே நமது சங்கத்தார் அரிசி பகிர்ந்தபொழுது யாரும் ஜாபிதாவைப் புரட்டி "இவர் வீட்டிலே சிலுவையுண்டா?" என்று கேட்கவில்லை. பசியில் கேளாத கேள்வியைப் படிப்பில் கேட்பானேன்?

எதிர்ப்பக்கத்து நியாயத்தையும் யாம் மறைக்கமாட்டோம். "அவர்கள் நம் குலதெய்வத்தின் திருவிழாவுக்கு வரி கொடுப்பதில்லை, நமது சடங்குகளைப் பழிக்கின்றனர், பின் நிதிக்குமட்டும் வருவானேன்?" என்கின்றனர். இதிலே பாதி நியாயமுண்டு. கிறிஸ்தவ சகோதரர்களே! உங்களுள் எவரேனும் நம் தெய்வங்களைப் பேயென்று பேசுவீர்களாயின், அது தவறு. அருளானந்தர் காவியுடுத்தார், சீகன்பால்கு நம் பிள்ளைகளோடு மணலில் எழுதினார், நம் மரபை அறிய உழைத்தார். அவர்தம் தீரத்தைப் போற்றுவோர் அவர்தம் பணிவையும் கைக்கொள்ளல் வேண்டும். எனினும், கோயில்வரி வேறு. கல்வி நிதி வேறு. கோயில்வரி கொடாதாரைக் கோயில் மரியாதையினின்றும் நீக்குக. அதனை யாரும் ஆட்சேபிக்கமாட்டார். கல்வி நிதிக்கு அவர்களும் மாதந்தோறும் பணங் கட்டிவந்திருக்கின்றனர் என்பதை நமது கணக்குப் புத்தகமே சொல்லும். கட்டியவனுக்கு இல்லையென்பது மதமன்று; கடன் மறுத்தலாகும். "உப்பிட்டவரை உள்ளளவும் நினை" என்பது உப்பு விளைவிக்கும் நம் வாயில் இருக்கவேண்டிய பழமொழியன்றோ?

நமது அரசியல் சாசனத்தின் 25-ஆம் பிரிவு ஒவ்வொருவர்க்கும் தம் மதத்தைக் கைக்கொள்ளவும், ஒழுகவும், பரப்பவும் உரிமை தந்திருக்கின்றது. தேசம் தந்த உரிமையைக் கையாண்டவனைச் சங்கம் தண்டித்தல் எங்ஙனம்?

ஆகையால் யாம் உங்களை வேண்டுவன மூன்று. முதலாவது, பிரேரணையைக் கைவிடுக; ஜாபிதாவில் உள்ள பெயர் ஒன்றும் அடிக்கப்படவேண்டா. இரண்டாவது, நிதி உதவிக்குப் பிள்ளையின் தேவையும் படிப்புமே அளவாகுக; மதத்தைக் கேட்கும் வரி விண்ணப்பத்தில் இருத்தல் வேண்டா. மூன்றாவது, எவர் வீட்டிலேனும் ஒருவர் மதம் மாறினால், அதனால் வாழ்விழக்கும் பெண்ணுக்கும் பிள்ளைக்கும் சங்கமே முன்னின்று ஆதரவளிக்குமென்று ஒரு விதி செய்க. கடலாயி அம்மையாருக்கு அன்று அப்படியொரு சங்கம் இருந்திருப்பின், ஓரியூர் மணல் சிவந்ததென்னும் கதையே நமக்குக் கிடைத்திராது போலும்.

எமது சிற்றப்பனார் கிளையிலே ஒரு பேரப்பெண் இவ்வாண்டு மேற்படிப்புக்குப் போகவேண்டும். அவள் விண்ணப்பம் நிதிக் காரியதரிசியின் மேஜைமேல் இருக்கின்றது. அவளுக்காகப் பேசுகின்றோமென்று சிலர் நினைக்கலாம். ஆம், அவளுக்காகவும் பேசுகின்றோம். அவள் தந்தை இவ்வளத்தில் உப்பு வாருபவன். அவன் பாதத்துப் புண்ணை இக்கூட்டத்தில் அறியாதாரில்லை.

 அடுத்த கூட்டத்துக்குத் தாய்மார்களும் வந்து வாக்களிக்க வேண்டுகின்றோம். எல்லாரும் இன்புற்றிருக்க எல்லாம் வல்ல இறைவன் அருள்வானாக.